ஐம்பத்தைந்தரை விரல்

செவத்தையா மில்லின் வட்ட ரம்பம் சத்தத்தைத் தொலைத்தது விஜயதசமியன்று காலை ஒன்பதே காலுக்கு. மணி எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கேளுங்கள், செங்கோட்டையில் எதைச் சொன்னாலும் முதலில் மணியைத்தான் கேட்பார்கள். ஒன்பதே காலுக்குத்தான் எதிர்க் கடையிலிருந்து டீ வரும், நான் மரத்தூள் சாக்கைக் கீழே வைத்துவிட்டு டம்ளரை வாங்கினேன், ரம்பம் ஓட்டுகிற நல்லபெருமாள் சுவிட்சைப் போட்டான், ரம்பம் சுற்றியது, மரத்தடி பிளந்தது, தூள் பறந்து என் டீயில் விழுந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

என் பெயர் இசக்கியம்மா. அந்த மில்லில் பதினேழு வருஷமாகத் தூள் அள்ளுகிறேன், அதனால் என் காதுதான் கடைசியில் கைவிட்டுவிட்டது என்று நினைத்துத் தலையைச் சாய்த்து ஒரு தட்டுத் தட்டினேன், நிமிர்ந்து பார்த்தால் வேலைக்கு இருந்த ஆறு பேரும் தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டு நிற்கிறோம். அந்த ஆறு பேருக்கும் சேர்த்து அன்றைக்கு ஐம்பத்தாறு விரல். அறுபது இருக்க வேண்டிய இடம். மீதி நாலையும் அந்த ரம்பம் வேறு வேறு வருஷங்களில் வாங்கிக்கொண்டது, அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ரம்பத்துக்கு மேலே ஒரு இரும்பு மூடி உண்டு, கை தவறிப் பல்லில் போய் விழாமல் இருக்க மிஷினோடு கூடவே வந்தது, நாங்கள் அதைத் தொப்பி என்போம். அதற்கு முந்தின வருஷம் ஆயுத பூஜைக்கு மிஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கப் போனபோது, வேலை செய்வது பல்லு, பொட்டு மட்டும் மூடிக்கா என்று யாரோ கேட்க, மூன்று போல்ட்டையும் தளர்த்தித் தொப்பியைக் கழற்றிவிட்டு ரம்பத்திலேயே பொட்டு வைத்தோம். பொரிகடலை தின்றோம். மறுநாள் மாட்டிக்கொள்ளலாம் என்றார்கள், மறுநாள் லோடு வந்தது. பொங்கலுக்கு மாட்டலாம் என்றார்கள், பொங்கலுக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்புறம் முதலாளி செவத்தையாவே, "இன்னும் ஒன்பது மாசத்துல திரும்பக் கழட்டணும்லா, கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். தொப்பி மூலையில் கிடந்தது. நான் அதைக் குப்புறப் புரட்டிக் கோழிக்குத் தண்ணீர் வைத்தேன், ஆக என் மேலும் தப்பு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சத்தம் போன அதே ஒன்பதே காலுக்கு, பெரியாஸ்பத்திரியில் நல்லபெருமாளின் பெண்சாதி ஆவுடைக்குப் பெண் குழந்தை பிறந்தது. எட்டு வருஷம் குற்றாலத்துக்கு நடையாய் நடந்து, பிறந்தால் அம்மன் பெயரைத்தான் வைப்போம், குழல்வாய்மொழி என்றுதான் கூப்பிடுவோம் என்று வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை. பிறந்த பிள்ளை அழவில்லை. நர்ஸம்மா முதுகில் தட்டினார், உள்ளங்காலைச் சுண்டினார், ஆவுடை கட்டிலில் கிடந்தபடியே அழு தாயி, அழு என்று கெஞ்சினாள், பிள்ளை வாயைத் திறந்தது, வாய்க்குள்ளிருந்து செவத்தையா மில்லின் ரம்பம் புறப்பட்டு வந்தது. முதலில் ஙீ என்று இழுத்து, பிறகு தடிக்குள் இறங்குகிற மாதிரி கனத்து, தடி முடிந்ததும் தெளிந்து. நர்ஸம்மா ஜன்னலைத் திறந்து, "பிரசவ வார்டு பக்கத்துல யாருய்யா மிஷின் ஓட்டுதது" என்று கேட்டார். வெளியே வேப்பமரத்தடியில் ஒருத்தர் தோசை தின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இரண்டும் ஒன்றுதான் என்று தெரியவே எங்களுக்கு நாலு நாள் ஆனது. பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், வீடு மில்லின் பின்சுவரை ஒட்டினாற்போல, இந்தப் பக்கம் நல்லபெருமாள் சுவிட்சைப் போட்டால் அந்தப் பக்கம் பிள்ளை வாயைத் திறக்கும், அணைத்தால் குரல் தேய்ந்து தேய்ந்து அடங்கும். கரண்டு ஆபீஸ்காரர் வந்து மீட்டரைப் பார்த்து, சத்தத்துக்கு யூனிட் ஏறாது, இது எங்கள் இலாகா இல்லை என்று போனார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, தூள்கூட இல்லை என்று சத்து டானிக் எழுதிக்கொடுத்தார். பூசாரி திருநீறு போட வந்தவர் சுவிட்சு போட்ட நேரமாகப் பார்த்து வந்து, பிள்ளை அலறின அலறலில் திருநீற்றைத் தன் முகத்திலேயே ஊதிக்கொண்டு போய்விட்டார். யாரிடம் கேட்டாலும் ஒன்று சொன்னார்கள், ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை, எங்களுக்கும் யாரை நம்புவது என்று புரியவில்லை, நல்லபெருமாளோ சந்தோஷப்படுவதா அழுவதா என்றே தெரியாமல் ஒரு கண்ணால் அதையும் ஒரு கண்ணால் இதையும் செய்துகொண்டிருந்தான்.

ஆனாலும் பாருங்கள், மூன்று மாசத்தில் பழகிவிட்டது. எதுதான் பழகாது. கேரளாவிலிருந்து தடி ஏற்றி வருகிற லாரிக்காரர்கள் மில்லுக்கு முன்னால் நிற்காமல் ஆவுடை வீட்டுக்கு முன்னால் நின்று, "மில்லு ஓடுதா" என்று பிள்ளையின் வாயைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தெருப் பெண்கள் காய் நறுக்கியபடியே, "தேக்கு போடுதாங்க, பிள்ள நல்லா பாடுது" என்றும், "இன்னைக்கு வேங்கை, பாவம், பிள்ளைக்குக் கஷ்டந்தான்" என்றும் மரம் கண்டுபிடித்தார்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு முகூர்த்த நேரம் மட்டும் மில்லை நிறுத்தச் சொல்லிப் பத்திரிகையில் முதலாளி பெயரைப் போட்டார்கள். பகலில் கரண்டு போனால் பிள்ளை தூங்கும், ஆவுடையும் தூங்குவாள், கரண்டு போனதற்கு யாரும் திட்டாத ஒரே தெரு எங்கள் தெருதான்.

பழகாத இடம் மில்லுக்குள்தான் இருந்தது. ரம்பம் வேகத்தில் சுற்றும்போது பல் தெரியாது, சும்மா நிற்கிற தகடு மாதிரிதான் இருக்கும், அது ஓடுகிறது என்று எங்களுக்குச் சொன்னது சத்தம்தான், இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தை என்ன பாடு திட்டியிருக்கிறோம். சுவிட்சை அணைத்த பிறகும் ஒரு நிமிஷத்துக்கு மேல் அது தன் பாட்டுக்குச் சுற்றும், பிள்ளையின் தேய்ந்த குரல் சுவரைத் தாண்டி வராததால் இப்போது அதுவும் தெரியாது. மார்கழியில் கோமதிநாயகம், எதிர்ப்பக்கம் நின்று பலகை வாங்குகிறவன், நின்றுவிட்டது என்று நினைத்துச் சிராய்த்துண்டைத் தட்டிவிடக் கையை நீட்டினான். பாதி விரல். அவன் ஒன்றும் கத்தவில்லை, கையைப் பார்த்துக்கொண்டே நின்றான், ஆனால் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை ஒரு கணம் கீச்சென்று கத்தி நிறுத்தியது, அதைக் கேட்டுத்தான் நாங்கள் திரும்பினோம். அன்றைக்கு நாங்கள் ஐம்பத்தைந்தரை ஆனோம்.

முதலாளி நேரே ஆவுடை வீட்டு வாசலில் போய் நின்றார். பிள்ளையைப் பகலில் மில்லுக்குள் தொட்டில் கட்டிப் போட்டால், ஓடுகிறதா இல்லையா என்று எல்லோருக்கும் காதில் விழுமே என்று கேட்டார். ஆவுடை பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"எம் பிள்ளை என்ன உங்க மில்லுச் சங்கா?" என்றாள். "பத்து நாள் கெடு தாரேன், அதுக்குள்ள மூலையில கெடக்க அந்தத் தொப்பிய மாட்டுங்க. அப்புறம் சத்தம் வேணும்னா, பெரிய மனுசங்க ஆறு பேரு வாய வச்சுக்கிட்டுத்தான இருக்கீக, கத்துங்க."

அப்படித்தான் கோழிக்கு வேறு சட்டி வாங்கினேன். தொப்பி மாட்டியாயிற்று, கத்துகிற வேலை என் தலையில் விழுந்தது. சுவிட்சைப் போடும்போது "கை" என்று கத்துவேன், அணைத்தால் ரம்பம் அசையாமல் நிற்கிற வரைக்கும் "கை, கை, கை" என்று கத்திக்கொண்டே இருப்பேன், பல்லு ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் வாயை மூடுவேன். முதல் வாரம் எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் தூக்கத்தில்கூடக் கையை இழுத்துக்கொள்கிறார் என்று சொன்னதும் இன்னும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று கத்தினேன்.

மாசியில் ஒரு நாள் ஆவுடை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல் மில்லுக்குள் வந்துவிட்டாள். பிள்ளைக்குக் குரல் கம்மி, தொண்டை புண்ணாகி, உடம்பு கொதித்தது. "என்னத்த அறுக்குதீக" என்று புருஷனைக் கேட்டாள், "என்னத்த இப்படிப் போட்டு அமுக்குதீக." நல்லபெருமாள் ரம்பத்தை நிறுத்தி, கரண்டு வராதபடி பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக அந்தப் பற்களைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான். பல்லெல்லாம் மழுங்கி, இடுக்கெல்லாம் பிசின் கருகிப் பிடித்து, ஒரு பல் ஆணியில் மோதி முனை போயிருந்தது. பதினோரு வருஷமாக அந்த மிஷினில் நிற்கிறான், மழுங்கினால் தீட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா, தெரியும், ஆனால் தீட்டுகிற நேரத்தில் இரண்டு தடி அறுத்துவிடலாமே என்று தடியை நெஞ்சால் முட்டித் தள்ளியே காலத்தை ஓட்டினவன். அன்று மத்தியானம் முழுக்க மண்ணெண்ணெய்த் துணியால் பிசினைத் துடைத்தான், அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாக ராவினான். ராவ ராவ, ஆவுடை மடியில் கிடந்த பிள்ளை சத்தமே இல்லாமல் சிரித்தது, பல்லில் அரம் படுகிற ஒவ்வொரு தடவையும் காலை உதறிக்கொண்டு, விலாவில் யாரோ கிச்சுக்கிச்சு மூட்டுகிற மாதிரி. நல்லபெருமாள் வேண்டுமென்றே ஏற்கெனவே தீட்டிய பல்லை இன்னொரு தடவை தீட்டினான்.

அதிலிருந்து ஆளே மாறிப்போனான். தடியை மேஜையில் ஏற்றுமுன் கையால் தடவித் தடவி ஆணி தேடினான், ரம்பம் முழு வேகம் பிடிக்கிற வரைக்கும் காத்திருந்தான், தடி போகிற போக்கில் விட்டானே தவிர முட்டவில்லை, கடைசி ஒரு சாணுக்குக் கையைக் கொண்டுபோகாமல் தள்ளுகட்டையால் தள்ளினான், கழுத்தில் தொங்கிய துண்டை வாசலிலேயே கழற்றி ஆணியில் மாட்டினான். மற்றவர்கள் துண்டைக் கழற்றாவிட்டால் பேசமாட்டான், போய்ப் பிடுங்குவான். பிள்ளை குரலும் தேறி, சித்திரையில் தேக்குத் தடி போடுகிற நாளில் தெருவே வாசலில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஆனது.

ஆவணியில் அந்தக் குரலில் ஒரு இருமல் வந்தது. இருமல் என்றால் சளி இருமல் இல்லை, இழுத்துப் பாடிக்கொண்டே இருக்கும்போது நடுவில் டக், டக் என்று ஒரு தட்டு. டாக்டர் டானிக்கை மாற்றினார். ஆவுடை துளசிச் சாறு கொடுத்தாள். மூன்றாம் நாள் நல்லபெருமாள் ரம்பத்தின் மேல் சந்தேகம் வந்து, அதைக் கழற்றி, நடு ஓட்டையில் கம்பியைக் கோத்து உத்தரத்தில் தொங்கவிட்டு, சின்னக் கட்டையால் சுண்டினான். நல்ல ரம்பம் என்றால் கோயில் மணி மாதிரி நின்று ஒலிக்கும், இதில்தான் சத்தமே கிடையாதே. சுண்டிவிட்டுப் பின்சுவரைப் பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பிள்ளையின் வாயில் ஓட்டைப் பானையைத் தட்டின சத்தம் வந்தது.

துணியால் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தபோது தெரிந்தது, ஒரு பல்லின் அடியிலிருந்து உள்நோக்கி, முடி கனத்துக்கு, ஒரு விரல் நீளத்துக்கு விரிசல்.

விரிசல் விட்ட ரம்பத்தை ஓட்டக் கூடாது, தெறித்தால் துண்டு ஆளைத் துளைத்துக்கொண்டு போகும், இது மில்லில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரியும். ஆனால் அது ரம்பம் மட்டுமா? அதைத் தூக்கிப் போட்டால் பிள்ளையின் குரலையும் சேர்த்துத்தானே தூக்கிப் போடுவோம், எட்டு வருஷம் கழித்துப் பிறந்து, அழக்கூடத் தெரியாமல், அந்த ஒரு சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு வளர்கிற பிள்ளை. அன்றைக்கு நல்லபெருமாள் வீட்டு முன்னால் தெருவே கூடியது. விரிசலின் முனையில் ஒரு துளை போட்டால் மேற்கொண்டு ஓடாது என்று ஒருத்தர் சொன்னார், துளை போட்டால் பிள்ளைக்கு எங்கே ஓட்டை விழுமோ என்று இன்னொருத்தர் சொன்னார். அறுக்காமல் சும்மா சுற்ற விடுவோமே, தினம் கொஞ்ச நேரம், பிள்ளைக்காக, என்றார் முதலாளி. அந்த மனுஷரா இப்படிப் பேசுகிறார் என்று எனக்கே கண் கலங்கியது. கோமதிநாயகம் தன் பாதி விரலைப் பார்த்துக்கொண்டே, "நான் வேணும்னா எட்டி நின்னுக்கிடுதேன்" என்றான். நானும் என்னென்னவோ சொன்னேன், எது சரி என்று எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் யாராவது திரும்பக் கேட்டால் முழிப்பேன். நல்லபெருமாள் ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 

ஆவுடைதான் எழுந்தாள். "அது தெறிச்சு ஒருத்தர் கழுத்துல விழுந்துச்சுன்னு வைங்க" என்றாள், "அந்தச் சத்தமும் எம் பிள்ளை வாயிலருந்துதான வரும். பேசாமயே இருந்துட்டுப் போகட்டும், இது வேண்டாம்." சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதாள்.

புது ரம்பம் தென்காசியிலிருந்து வந்தது. நல்லபெருமாள் பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான், அம்புக்குறி சுற்றுகிற பக்கம் பார்க்க வைத்து மாட்டினான், மரையை முடுக்கினான், தொப்பியின் மூன்று போல்ட்டையும் போட்டான், கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான், எல்லாம் ஒழுங்காகச் செய்தான். சுவிட்சைப் போட்டதும் ரம்பம் அலறியது. பத்து மாசமாக மறந்துபோன சத்தம், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, கோமதிநாயகம் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, நாற்பது நாள். பிள்ளை நன்றாகத் தின்றது, தவழ்ந்தது, சுவரைப் பிடித்து எழுந்து நின்றது, விழுந்தால் வாயைத் திறந்து கண்ணீர் விட்டது, வாயிலிருந்து காற்றுக்கூட வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நல்லபெருமாள் ஆவுடையின் முகத்தைப் பார்ப்பான், அவள் தலையை ஆட்டுவாள், அப்புறம் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், தின்ன மாட்டான். பழைய ரம்பத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டியிருந்தான், பிள்ளை அதைத் தடவிப் பார்க்கும், அவன் பிள்ளையைப் பார்ப்பான். மில்லிலும் நினைவு இந்த இடத்தில் இருக்காது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், என் வாயால்தான் சொல்ல வேண்டும்: ரம்பத்துக்குச் சத்தம் திரும்பி வந்ததும் நான் கத்துவதை விட்டுவிட்டேன். அதான் அதுவே கத்துகிறதே, எனக்கென்ன வேலை என்று.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மத்தியானமே வேலையை முடித்துக்கொண்டு மிஷின்களைத் துடைக்க ஆரம்பித்தோம். ரம்பத்தில் ஒரு தடியும் இழைப்பு மிஷினில் ஒரு கதவுப் பலகையும் மட்டும் மிச்சமிருந்தன, இழைப்பு மிஷின் ஒரு பக்கம் அலறிக்கொண்டிருந்தது. முதலாளி வாழைக்கன்று கட்டினார், நான் குங்குமம் குழைத்தேன், ஆவுடை பொரி வாங்கி வந்து பிள்ளையை வாசலருகே தூள் சாக்கில் உட்காரவைத்துவிட்டுக் கோலமாவைத் தேடினாள். நல்லபெருமாள் கடைசித் தடியை அறுத்து முடித்து ரம்பத்தை அணைத்தான். பீஸ் கட்டையைப் பிடுங்கவில்லை. ஸ்பேனரை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று போல்ட்டைக் கழற்றி, தொப்பியைத் தூக்கித் தரையில் வைத்தான். பொட்டு பல்லுக்குத்தானே வைக்க வேண்டும். மண்ணெண்ணெய்த் துணியைக் கையில் சுற்றிக்கொண்டான். இழைப்பு மிஷின் போட்ட இரைச்சலில் ரம்பம் அடங்கியதா இல்லையா என்று யார் காதிலும் விழவில்லை, பார்த்தால் சும்மா நிற்கிற தகடு மாதிரிதான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், குங்குமக் கிண்ணத்தோடு அவனுக்குப் பின்னால் நின்று, அவன் துடைத்து முடிக்கட்டும் என்று.

"கை."

யார் சொன்னது என்று தெரியவில்லை. இத்தனை இரைச்சலில் அவ்வளவு சின்னக் குரல் எப்படிக் கேட்டது என்றும் தெரியவில்லை. நான் முதலில் என் வாயைத்தான் தொட்டுப் பார்த்தேன். நல்லபெருமாளின் கை ரம்பத்துக்கு நாலு அங்குலம் இந்தப் பக்கம் அப்படியே நின்றது, துணியின் நுனி மட்டும் தொட்டது, தொட்ட நுனி இல்லாமல் போனது.

"கை. கை. கை."

பிள்ளை சாக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. ரம்பத்தின் குரல் இல்லை, இரும்பு இல்லை, கொஞ்சம் எச்சிலும் கொஞ்சம் கோபமுமாக, அதுக்கே உரிய ஒரு குரல், நான் கத்துகிற மாதிரியே இழுத்து, நிறுத்தாமல். தொண்டைக்கு அது எங்கிருந்து வந்தது, இத்தனை நாள் எங்கே கிடந்தது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரம்பம் வேகம் குறைந்து, பல்லு ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்து, கடைசியில் ஆடி நின்றது. பிள்ளை நிறுத்தவில்லை.

நல்லபெருமாள் அப்படியே தூளில் முழங்கால் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "இந்தா பாரு தாயி, எடுத்துட்டேன்" என்றான்.  "எடுத்துட்டேம்மா, பாரு."

பிள்ளை அவன் கையைப் பார்த்தது. பிறகு அவனை விட்டுவிட்டு எங்களைப் பார்த்து, இன்னும் சத்தமாக, "கை" என்றது. கோமதிநாயகம் இழைப்பு மிஷினை அணைத்துவிட்டுக் கையைத் தூக்கினான். நான் குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கினேன். சுமை தூக்குகிற மூன்று பேரும் தூக்கினார்கள். ஆறு பேரும் அந்தப் பிள்ளைக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம், அது ஒவ்வொருத்தர் கையாகப் பார்த்துக்கொண்டு வந்தது, ஐம்பத்தைந்தரை விரலும் இருந்தது.